கப்பல் சொன்ன ‘போயிட்டு வாரேன்’

பியூலா,

இதை நீ எழுத்துக்கூட்டித்தான் படிக்கப் போகிறாய். தெரிந்தேதான் தமிழில் எழுதுகிறேன். தாராவித் தமிழ்ப் பள்ளியில் முப்பது வருஷம் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுத்துவிட்டு, பெற்ற பிள்ளையை மாட்டுங்காவில் இங்கிலீஷ் மீடியத்தில் போட்டவள் நான். “டீச்சர் மகளுக்குத் தமிழ் வாசிக்க வராதாம்” என்று ஸ்டாஃப் ரூமில் சிரித்தபோது நானும் சேர்ந்து சிரித்தேன். வெட்கங்கெட்ட சிரிப்பு அது. வாட்ஸ்அப்பில் பேசியே அனுப்பியிருக்கலாம், எனக்குக் குரல்தானே சொத்து. ஆனால் என் குரலுக்கு நடிக்கத் தெரியும். அழு என்றால் அழும், தழுதழு என்றால் தழுதழுக்கும். கைக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அடித்தது அடித்ததாகக் காகிதத்தில் கிடக்கும். மெதுவாகப் படி. அப்பாவுக்குப் படம் எடுத்து அனுப்பி, படித்துச் சொல்லுங்கள் என்று கேட்காதே. நீயே படி.

நீ டொராண்டோவுக்கு வேலைக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு பால்கனிக்குப் போகிறேன். அங்கே நின்றதும் எதற்கு வந்தேன் என்று மறந்துவிடுகிறது. திரும்பி வந்தால் பால் பொங்கி மேடையெல்லாம் ஓடியிருக்கிறது. நேற்று செம்பூர் மார்க்கெட் வரை நடந்து போய்க் கொத்தமல்லி வாங்கி வந்தேன், அது ஏற்கெனவே ஃப்ரிட்ஜில் இரண்டு கட்டு இருந்தது. நீ அப்பாவிடம் போனில் பேசுகிறாய். முடிக்கும்போது “அம்மாவ மாத்திரை போடச் சொல்லுங்கப்பா” என்கிறாய். நான் பக்கத்தில்தான் நிற்கிறேன், போனை வாங்கக் கையை நீட்டிக்கொண்டு. அவர் என் முகத்தைப் பார்க்காமல் போனை வைத்துவிடுகிறார். டாக்ஸி வாசலில் நின்ற அன்றைக்கு நீ என்னிடம் கடைசியாகச் சொன்ன வார்த்தை ‘போறேன்’. ‘போயிட்டு வாரேன்’ இல்லை, வெறும் ‘போறேன்’. நம் வீட்டில் பக்கத்துக் கடைக்குப் போகும்போதுகூட யாரும் சொல்லாத வார்த்தை. சாவு வீட்டில்கூடச் சொல்லாமல் எழுந்து வருவோமே தவிர, ‘போறேன்’ என்று வாயால் சொல்ல மாட்டோம்.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் முதலிலிருந்து வரிசையாக எழுதினால்தான் எங்கே பிசகினேன் என்று எனக்கே பிடிபடும். பொறுத்துக்கொள். சர்ச்சில் நான் வேதபாடம் வாசித்ததைக் கேட்ட ஒருவர், “டீச்சர், குரல் கணீர்னு இருக்கு, அந்தேரியில டப்பிங்குக்குத் தமிழ்க் குரல் தேடுதாங்க” என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ‘சாம்பல் கோள்’ என்று மூன்று பாகமாக வந்த ஆங்கிலப் படம். அதில் நோரா என்று ஒரு விண்வெளிக் கப்பல். கப்பலே பேசும். அதற்குத்தான் நான் குரல். முதல் நாள் “எரிபொருள் பாதிதான் இருக்கிறது” என்பதை வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரிச் சொன்னேன். கப்பலுக்கு இதுதான் வேண்டும் என்று மெச்சினார்கள். மூன்றாம் பாகத்தின் முடிவில், உள்ளே இருக்கிற மனிதர்களைக் காப்பாற்ற நோரா தன்னைத்தானே எரித்துக்கொள்ளும். அப்போது அது கேப்டனிடம் சொல்கிற கடைசி வரி, என் கையிலிருந்த தாளில் ‘நான் போகிறேன், கேப்டன்’ என்று இருந்தது. நான் சொன்னது, ‘போயிட்டு வாரேன், கேப்டன்’.

வசனம் எழுதியவர் அந்த நேரம் டீ குடிக்கப் போயிருந்தார். ஒலிப்பதிவு செய்த மராட்டிக்காரருக்குத் தமிழ் ஓர் எழுத்துத் தெரியாது. கப்பலுக்கு உதடு கிடையாது, அதனால் வாயசைவு பொருந்தவில்லை என்று யாரும் திருப்பி எடுக்கவும் இல்லை. அப்படியே போய்விட்டது. பிறகு டிவியில் ஞாயிறு மத்தியானமெல்லாம் அந்தப் படம்தானே! மற்ற எல்லா மொழியிலும் நோரா செத்துப்போனாள். தமிழில் மட்டும் திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். அதைக் கேட்டு வளர்ந்த பையன்களும் பெண்களும் இருபது வருஷமாக அவளுக்காகக் காத்திருந்தார்கள். ‘போயிட்டு வாரேன்’ என்று சட்டையில் அடித்துப் போட்டுக்கொண்டார்கள். “வர்றேன்”னு சொல்லல, “வாரேன்”னு சொன்னா, அப்ப நோரா திருநெல்வேலிக்காரிதான் என்று ஒரு கூட்டம் ஆராய்ச்சி செய்தது. அந்த வரிக்குப் பின்னால் மெல்லிசாக ஒரு சத்தம் கேட்குமே, கீச்சென்று, அது நோராவின் இதயம் கிழிகிற சத்தம் என்று ஒருவர் பக்கம் பக்கமாக எழுதினார். எனக்கு இதெல்லாம் பிடித்திருந்தது. பொய் சொல்லவில்லை, ரொம்பவே பிடித்திருந்தது. தாராவியில் டீச்சர் என்று கூப்பிட்டவர்கள் நெருளில் ஒரு கல்யாணத்தில் ‘நோராம்மா’ என்று கூப்பிட்டு போட்டோ எடுத்துக்கொண்டபோது, நான் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நின்றது உனக்கு ஞாபகம் இருக்கும்.

ஏன் அப்படி மாற்றிச் சொன்னீர்கள் என்று கேட்கிறவர்களிடமெல்லாம் நான் ஒரே கதையைச் சொல்வேன். சின்னப் பிள்ளையாக இருந்த என் மகள் ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவளைப் பார்த்துக்கொண்டு ‘போகிறேன்’ என்று சொல்ல வாய் வரவில்லை, ‘போயிட்டு வாரேன்’ என்றேன், பிள்ளை சிரித்துவிட்டாள். கேட்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். பாதி உண்மை. மீதியைப் பின்னால் சொல்கிறேன். கொஞ்சம் இரு, யாரோ மணி அடிக்கிறார்கள்.

கூரியர்காரன். கீழ் வீட்டுக்காம்.

இந்த வருஷம் ‘சாம்பல் கோள்’ மறுபடி வருகிறது என்றார்கள். நான்காம் பாகம் என்று நினைத்தேன். இல்லையாம், ரீபூட்டாம். பழைய மூன்றையும் துடைத்துவிட்டு அதே கதையைப் புது ஆட்களை வைத்து முதலிலிருந்து எடுப்பதாம். என் வகுப்பில் இதற்கு ஃபெயில் ஆகி அதே பெஞ்சில் மறுபடி உட்காருவது என்று பெயர். டிரெய்லர் வந்தது. கடைசியில் ஓர் இளம் பெண் குரல், “போகிறேன், கேப்டன்” என்றது. அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. இருபது வருஷம் காக்க வைத்துவிட்டு நோராவைக் கொன்றுவிட்டார்கள் என்று ஒரு கட்சி. மூலப்படத்தில் அவள் திரும்பி வருவதாகச் சொல்லவே இல்லை, நீங்கள் ஒரு தப்பான மொழிபெயர்ப்பைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள் என்று இன்னொரு கட்சி. வாரேன் கட்சி, போகிறேன் கட்சி. ஒரே குரூப்பில் இருந்த அண்ணன் தம்பி ஒருவரையொருவர் பிளாக் செய்துகொண்டார்கள் என்று கேட்டு நான் சிரித்தேன். என் வீட்டுக்கு வரும் என்று அப்போது தோன்றவில்லை.

சான்பாடாவிலிருந்து இரண்டு பையன்கள் கேமராவோடு வந்தார்கள், நீ வேலைக்குப் போயிருந்த சமயம். யூட்யூப் சானலாம். அதில் விக்கி என்கிறவன், “ஆன்ட்டி, நீங்கதான் ஒரிஜினல் நோரான்னதும் எங்க குரூப்ல எல்லாரும் ஏக்தம் பாகல், பைத்தியமே ஆயிட்டாங்க. புது டப்பிங் பத்தி என்ன சொல்றீங்க?” என்று கேட்டான். நான் டீயை அவன் முன்னால் வைத்தேன். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முப்பது வருஷ டீச்சர் இல்லையா, கேள்வி கேட்டால் பதில் தயாராக இருக்கும். “தமிழ் வீட்டுல வளந்த பிள்ள ‘போறேன்’னு சொல்லுமாலே? இத எழுதுனது தாயில்லாம வளந்த பிள்ளையாத்தான் இருக்கும்” என்றேன். பையன்கள் இருவரும் “ஓ!” என்று துள்ளினார்கள். மறுநாளே அந்த ஒரு வரியை மட்டும் வெட்டி எல்லா இடத்திலும் போட்டார்கள். நோராம்மாவே சொல்லிட்டாங்க, இனி என்ன பேச்சு என்று வாரேன் கட்சி கொடி பிடித்தது. எழுதியது யார் என்று தெரியாமலே எழுதியவருக்கு என்னென்ன வசவு! அதில் பாதி இந்தக் காகிதத்தில் எழுதக் கூசும். நீ அதையெல்லாம் படித்தாய். படித்துவிட்டு என்னிடம் ஒன்றும் கேட்காமல், “அம்மா, ஞாயித்துக்கிழமை படத்துக்குப் போவோமா? தமிழ் ஷோ ஒண்ணுதான் இருக்கு, காலைல” என்றாய். ஆராதனைக்குப் போகாமல் வந்தேன்.

தியேட்டரில் பாதிப் பேர் அந்தச் சட்டையோடு வந்திருந்தார்கள். முடிவு நெருங்க நெருங்கப் பின்வரிசையில் ஒரே சலசலப்பு. கப்பல் எரியத் தொடங்கியதும் ஒரு கூட்டம் எழுந்து நின்று, “வாரேன்னு சொல்லு! வாரேன்னு சொல்லு!” என்று திரையைப் பார்த்துக் கத்தியது. இன்னொரு பக்கத்திலிருந்து, “ஏய், உக்காருங்கடே! படம் பாக்க விடுங்கடே!” என்று குரல். யார் தலையிலோ பாப்கார்ன் கொட்டியது. நீ நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாய். அந்தப் பெண் குரல், “போகிறேன், கேப்டன்” என்றது. சட்டென்று எல்லோரும் அடங்கிப்போனார்கள். கத்தியவன்கூட உட்கார்ந்துவிட்டான். பியூலா, அவள் இனி வரமாட்டாள் என்று அந்த ஒரு வார்த்தையில் தெரிந்துவிட்டது. அழுகையை உனக்குக் காட்டாமல், கீழே விழாத மூக்குக்கண்ணாடியைக் குனிந்து தேடினேன். அன்றைக்கே, அந்த நிமிஷமே, “நல்லா இருக்குட்டி” என்று சொல்லியிருக்க வேண்டும். ஆட்டோவில் வீடு வரும்வரை தியேட்டரில் ஏசி அதிகம் என்று பேசிக்கொண்டு வந்தேன்.

மத்தியானம் மீன்குழம்பு ஊற்றிச் சாப்பிட உட்கார்ந்தோம். நீ சோற்றைப் பிசைந்துகொண்டே, “அந்த வரிய எழுதுனது நாந்தாம்மா” என்றாய். நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “நீயா? எனக்கு எப்படித் தெரியும்?” என்றேன். என்ன அழகாக ஆச்சரியப்பட்டேன்! குரல் நடித்தது.

“தெரியும் உனக்கு. என் மேஜையில பேப்பர்லாம் நேரா அடுக்கி இருந்துச்சு. நீ துடைச்சாத்தான் அப்படி இருக்கும்.”

உன் அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

“தாயில்லாம வளந்த பிள்ளன்னு சொன்னியே, கரெக்ட்தான். எட்டு மாசம் அப்படித்தான வளந்தேன்?”

“வேலைக்காகத்தான போனேன். உங்களுக்காகத்தான…”

“போனது தப்புன்னு சொல்லலம்மா. போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போன பாரு, அதான். சாயங்காலம் வந்துருவேன்னு நினைச்சேன். டெய்லி சாயங்காலம் நினைச்சேன். நோரா திரும்பி வரமாட்டா. வராதவ வாரேன்னு சொல்லக் கூடாது. அதான் அப்படி எழுதுனேன். இன்னொண்ணும் சொல்றேன், அன்னைக்குக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நான் சிரிச்சேன்னு ஊரெல்லாம் சொல்றியே. நான் சிரிக்கல.”

அதற்கு நான் சொன்னதை இங்கே எழுதியாக வேண்டும். “எட்டு மாசத்த எத்தன வருஷத்துக்குட்டி சொல்லிக் காட்டுவ?” என்றேன். நீ தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாய். அடுத்த வாரம் டாக்ஸி வந்தது.

இப்போது மீதி உண்மை. ஆசிரியப் பயிற்சி முடித்தால்தான் வேலை நிரந்தரம் என்றார்கள். பாளையங்கோட்டையில் இடம் கிடைத்தது. உனக்கு அப்போது நாலு வயது முடிந்திருந்தது. தாராவியில் உன் அத்தை இடுப்பில் உன்னை வைத்துவிட்டுக் கிளம்பினேன். எட்டு மாசம் என்று சொன்னால் நீ அழுவாய், ரயிலைத் தவறவிட்டுவிடுவேன் என்று, தினமும் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது சொல்கிற மாதிரியே “போயிட்டு வாரேன் தங்கம்” என்றேன். நீ டாட்டா காட்டினாய். அந்த டாட்டாவுக்கு நான் சந்தோஷப்பட்டேன், பாவி! பிள்ளை அழாமல் அனுப்பினாள் என்று ரயிலில் பக்கத்துச் சீட்டுக்காரியிடம் பெருமையாகச் சொன்னேன். திரும்பி வந்தபோது நீ என் புடவையை விடவில்லை. குளியலறைக்குப் போனாலும் கதவைத் தட்டிக்கொண்டு நிற்பாய். அதனால்தான் ஸ்டூடியோவுக்கும் உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ நின்றது உண்மை. உன்னைப் பார்த்துக்கொண்டு ‘போகிறேன்’ என்று சொல்ல முடியாமல் ‘போயிட்டு வாரேன்’ என்று சொன்னதும் உண்மை. வெளியே ஸ்பீக்கரில் என் குரல் உனக்குக் கேட்டது. கேட்டதும் நீ வீறிட்டாய். உனக்கு அந்த வார்த்தைக்கு அர்த்தம் வேறு இல்லையா! உன்னைப் பிடித்திருந்த ஸ்டூடியோ அங்கிள் கையிலிருந்து திமிறிக்கொண்டு, அறைக் கதவைத் தள்ளித் திறந்துகொண்டு அலறியபடி ஓடி வந்தாய். அந்த அலறல் மைக்கில் விழுந்துவிட்டது. இன்னொரு தடவை எடுக்கலாம் என்றேன். மராட்டிக்காரர் போட்டுக் கேட்டுவிட்டு, வெடிச்சத்தத்தோடு சேர்ந்தால் இரும்பு கிழிகிற மாதிரி இருக்கிறது, இருக்கட்டும் என்றார். நோராவின் இதயம் கிழிகிற சத்தம் என்று எழுதினாரே ஒருவர், அது நீ. நாலு வயதுப் பிள்ளையின் அழுகையைச் சிரிப்பு என்று இருபது வருஷம் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன்.

இனி விக்கியிடம் சொன்னது. நீ டாக்ஸி ஏறிப் போன மறுநாள் உன் அப்பா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், “நீ தெரிஞ்சேதான் சொன்ன, என்ன?” என்று கேட்டார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய மனுஷன், உயரத்தில் தனியாக உட்கார்ந்தே பழக்கப்பட்டவர், அதிகம் பேசமாட்டார். பேசினால் இப்படித்தான். ஆமாம், தெரிந்தேதான் சொன்னேன். அவர்கள் கேமராவோடு வருவதற்கு நாலு நாள் முன்னால் உன் மேஜையைத் துடைத்தபோது அந்தத் தாள் இருந்தது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். அதைப் படிக்க நானும் எழுத்துக்கூட்ட வேண்டியிருந்தது. ‘போகிறேன் கேப்டன்’. கீழே உன் கையெழுத்தில் திருத்தம். எனக்குச் சுருக்கென்றது. நோரா என் குரல். என் மகள் அதற்கு வசனம் எழுதுகிறாள், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் வரியையும் எடுத்துவிட்டாள். அந்த எரிச்சலைத்தான், யாரென்றே தெரியாத மாதிரி, கேமராவுக்கு முன்னால் கக்கினேன். ‘தாயில்லாம வளந்த’ என்ற வார்த்தை எங்கிருந்து என் வாய்க்கு வந்தது என்று யோசித்து யோசித்துத்தான் பால் பொங்கிக்கொண்டிருக்கிறது.

போன புதன்கிழமை விக்கியைக் கூப்பிட்டேன். கேமராவை வைத்துக்கொள், நான் சொல்வதை வெட்டாமல் போடு என்றேன். புது வரியை எழுதியது என் மகள், அது எனக்குத் தெரியும், அவள் எழுதியதுதான் சரி, அந்தக் கீச்சுச் சத்தம் அவள் அழுத சத்தம், எல்லாவற்றையும் சொன்னேன். அவன் முகம் வாடிப்போயிற்று. “ஆன்ட்டி, இத போட்டா ரெண்டு சைடும் உங்களத்தான் போட்டுத் தாக்குவாங்க. சோச் லோ, யோசிச்சுக்கோங்க.” போடு என்றேன். போட்டான், தாக்குகிறார்கள். போகிறேன் கட்சிக்காரர்கள், கிழவி பொய்க்காரி என்கிறார்கள். வாரேன் கட்சியில் ஒருவர், “அந்தச் சத்தத்த நெனச்சு எத்தன தடவ அழுதிருக்கேன், கெடுத்துட்டீங்களே அம்மா” என்று எழுதியிருக்கிறார். உன் பெயரைச் சொல்லவில்லை. ஆனாலும் உன்னைக் கேட்காமல் உன் விஷயத்தைப் பேசியிருக்கிறேன். இதுவும் தப்பாக இருக்கலாம். தப்பென்றால் திட்டு, போன் போட்டுத் திட்டு.

புத்தி சொல்லாமல் என்னால் ஒரு கடிதத்தை முடிக்க முடியாது, அதனால் ஒன்றே ஒன்று. நாளைக்கு உனக்கும் பிள்ளை வரலாம், உன்னை நம்பி வாசலில் நிற்கிறவர்கள் வரலாம். அவர்களிடம் ‘போயிட்டு வாரேன்’ என்று தாராளமாகச் சொல்லு, அது நல்ல வார்த்தைதான். ஆனால் எப்போது வருவாய் என்பதையும் சேர்த்துச் சொல்லு. எட்டு மாசம் என்றால் எட்டு மாசம் என்று சொல்லு. அழட்டும். ரயில் போனால் போகட்டும். நீ வாசலில் ‘போறேன்’ என்று சொன்னதை நான் சாபம் மாதிரி நினைத்துக்கொண்டு மூன்று வாரம் தவித்தேன். இப்போது பார்த்தால், எப்போது வருவாய் என்று உனக்கே தெரியவில்லை, அதனால் பொய் சொல்லாமல் போனாய். அது அப்படியே இருக்கட்டும். என்றைக்கு உனக்குத் தேதி தெரிகிறதோ, அன்றைக்கு ‘வாரேன்’ என்று சொல்லு. அதுவரைக்கும் நான் கேட்கமாட்டேன். கேட்டால், இந்தக் காகிதத்தை எடுத்துக் காட்டு.

இந்தக் கடைசிப் பத்தியைத் தபாலாபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். செருப்பை மாட்டியதும் உன் அப்பா எங்கே என்று கேட்டார். ‘போறேன்’ என்று ஒரு தடவை சொல்லித்தான் பார்ப்போமே என்று வாயைத் திறந்தேன். ம்ஹூம், வரவில்லை. “தபாலாபீஸ் போயிட்டு வாரேன், பன்னெண்டு மணிக்கு வந்துருவேன்” என்றேன். மனுஷன் சுவர்க் கடிகாரத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். இப்போது மணி பதினொன்று நாற்பது. எனக்கு முன்னால் ஆறு பேர் நிற்கிறார்கள், கவுன்டரில் இருக்கிற பெண் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருக்கிறாள். நேரம் ஆகும் போலிருக்கிறது. இந்தக் கடிதம் இன்று போகாவிட்டால் நாளைக்குப் போகும். பன்னிரண்டுக்கு நான் வீட்டில் இருப்பேன்.

அம்மா